கடைசி பாலிஷுக்கு முன்னால் ஒரு குவேசார்

1

ஆயுத பூஜைக்காக வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். அரிசி டிரம்மை நகர்த்தினால் அடியில் ஒரு ஷீல்டு. டிரம்முக்கு ஈரம் ஏறக் கூடாது என்று என் மனைவி சரசு அதை முட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் போட்ட தரையில் ஈரம் ஏறாது, அது வேறு விஷயம். ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்தேன். பித்தளைத் தகட்டில் எழுத்து அப்படியே இருந்தது: 'அண்டத்தின் எல்லையில் விளக்கைக் கண்ட செல்வி தேன்மொழிக்கு மைசூர்த் தமிழ் மக்களின் அன்பளிப்பு.' வாசகம் என்னுடையது. நீளம் அதிகமாக இருக்கிறது என்று தகடு வெட்டியவன் சொன்னான். தகட்டைப் பெரிசாக்கு, வாசகத்தில் கை வைக்காதே என்றேன்.

நம் கொளத்தூர் ஊர்மலருக்கு மைசூர் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஊரிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. எதை எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது. எதை விடுவது என்பதுதான் குழப்பம். முப்பது வருஷ முன்னேற்றத்தை நாலு பக்கத்தில் அடைக்கச் சொன்னால் எப்படி அடைப்பது? ஷீல்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் முடிவாகிவிட்டது. என்னைப் பற்றிக் கொஞ்சமும், என் மகளைப் பற்றி மீதியும் எழுதுகிறேன்.

2

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படிக்கவில்லை. மேட்டூர் அணைத் தண்ணீர் ஓரம் எங்கள் மானாவாரிக் காடு இருந்தது. இரண்டு வருஷம் மானம் பொய்த்தது. மூன்றாம் வருஷம் மாதேஸ்வரன் மலை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். கௌதள்ளி, கொள்ளேகால் என்று இறங்கி ஏறிய இடமெல்லாம் தமிழ் காதில் விழுந்துகொண்டே வந்ததால் வேற்று மாநிலம் வந்ததே தெரியவில்லை. மைசூரில் இறங்கி வழி கேட்டபோதுதான் தெரிந்தது. ஊரை நினைத்து அழுதேன் என்று எழுதினால் பொய். அழ நேரமில்லை. வந்த மறுநாளே கட்டட வேலையில் சட்டி தூக்கினேன்.

சட்டி தூக்கியவன் மொசைக் மேஸ்திரி ஆனேன். குவெம்புநகரிலும் சரஸ்வதிபுரத்திலும் இந்தக் கை போட்ட தரைகளை அடுக்கினால் கொளத்தூர் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து வரலாம். வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிமெண்டையும் கல் சில்லையும் கலந்து பரப்பிவிட்டு, இறுகியதும் மிஷின் வைத்து அரைக்க வேண்டும். பரப்பிய அன்றைக்குப் பார்த்தால் சாணி மெழுகிய களம் மாதிரி இருக்கும். அரைக்க அரைக்கச் சில்லு முகம் காட்டும். கடைசி பாலிஷ் முடிந்து கழுவிவிட்ட பிறகுதான் தரை இன்னது என்று தெரியும். அதுவரைக்கும் வீட்டுக்காரரை நான் உள்ளே விடுவதில்லை. வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை சாத்திவிடுவேன். பாதி வேலையில் பார்த்தவன் பாதி மனசோடுதான் குடியேறுவான். ஒரு ஜட்ஜையே பலகைக்கு வெளியே நிற்க வைத்துப் பேசி அனுப்பியிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. பாலிஷ் முடிந்த பிறகு வந்து தரையில் உட்கார்ந்தே விட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கார்டு வாங்கப் போனபோது சொந்த ஊர் கேட்டார்கள். கொளத்தூர் என்றேன். எழுதுகிறவர் அவருக்குத் தெரிந்த கர்நாடக ஊராகப் பார்த்துக் கொள்ளேகால் என்று எழுதிவிட்டார். திருத்தச் சொல்லி நாலு ஜன்னல் ஏறி இறங்கினேன். கடைசி ஜன்னலில் இருந்தவர், "இதுவே நல்லதல்லவா, விட்டுவிடுங்கள்" என்று கன்னடத்தில் புத்தி சொன்னார். ஆகவே கர்நாடக சர்க்காரைக் கேட்டால் நான் புலம்பெயரவே இல்லை.

என் மகள் தேன்மொழி அப்படித்தான் வளர்ந்தாள். கன்னடப் பள்ளிக்கூடம், கன்னடச் சிநேகிதிகள். தமிழ் பேசுவாள், நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போவாள். ஆனால் படிப்பென்றால் அப்படி ஒரு படிப்பு. என் மூளை அவளுக்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரிய வேண்டுமானால் அவளைப் பார்த்தால் போதும்.

3

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாள். சரசுவுக்குப் பிடிக்கவில்லை. பெண் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். நான்தான் போகட்டும் என்றேன்.

அவள் தேடுவதன் பெயர் குவேசார். பார்த்தால் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. ஆனால் நட்சத்திரம் இல்லை. எங்கோ தூரத்தில் கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த ஒரு கூட்டம், அதன் நடுவில் ஒரு கருந்துளை. சுற்றியிருப்பதை அது இழுத்து விழுங்கும்போது, உள்ளே விழப்போகிற சரக்கு சூடேறி எழுப்புகிற வெளிச்சம்தான் குவேசார். சிலவற்றின் வெளிச்சம் நம் பூமி உண்டாவதற்கு முன்னாலேயே புறப்பட்டு இப்போதுதான் வந்து சேருகிறதாம். ரொம்பத் தூரத்தில் இருப்பதும் வேண்டும், ரொம்பப் பிரகாசமாகவும் வேண்டும் என்பதுதான் அவள் குறி. ஏன் என்று கேட்டேன். வருகிற வழியில் இருக்கிற வாயுவையெல்லாம் தாண்டி வருவதால் அந்தந்த வாயுவின் கறை வெளிச்சத்தில் படிந்திருக்குமாம். மங்கலாக இருந்தால் கறையைப் படிக்க முடியாது. அப்படிப் பிரகாசமானது அபூர்வம். வானம் முழுக்கச் சலித்தால் ஏதோ சிலது அகப்படும்.

சலிப்பது என்றால் நிஜமாகவே சலிப்பதுதான். வெளிநாட்டில் பெரிய கேமரா வைத்து வானத்தைக் கட்டம் கட்டமாகப் படம் எடுத்து, அதன் நகலை பிலிமாக அனுப்புவார்கள். ஒரு தடவை டிபார்ட்மெண்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடியிலிருந்து வெளிச்சம் வருகிற கண்ணாடி மேஜை மேல் பிலிமை விரித்திருந்தாள். வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கறுப்பாகவும் இருந்தது. வெள்ளை சிமெண்டில் கறுப்புச் சில்லு போட்டது மாதிரி. ஒரே இடத்துக்குச் சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று, நீல வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று. சிவப்பில் நன்றாகத் தெரிந்து நீலத்தில் காணாமல் போகிற புள்ளிதான் அவளுக்கு வேண்டியது. தூரத்துக் குவேசார் அப்படித்தான் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் பக்கத்தில் இருக்கிற சின்னச் சிவப்பு நட்சத்திரமும் அப்படியேதான் இருக்கும்.

இது எனக்கு உடனே புரிந்தது. கொளத்தூர்க்காரர்களுக்கும் புரியும். கரையில் நின்று அணைத் தண்ணீரைப் பார்த்தால் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரியுமே, அதில் எது பக்கத்துப் பரிசலின் லாந்தர், எது அக்கரை டவுனின் பெரிய விளக்கு என்று சொல்ல முடியுமா? இரண்டும் ஒரே புள்ளிதான். இதைச் சொன்னதும் தேன்மொழி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கரெக்டுப்பா, அதே ப்ராப்ளம்தான்" என்றாள். பக்கத்தில் இருந்த அவளுடைய பேராசிரியரிடம் கன்னடத்தில் எடுத்துச் சொல்ல, அவரும் தலையாட்டினார். பேராசிரியர் தலையாட்டியதை நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

லாந்தரா பெரிய விளக்கா என்று பிரித்தறிய ஒரே வழி, பெரிய தொலைநோக்கியை அதன் மேல் திருப்பி வெளிச்சத்தைக் கலர் கலராகப் பிரித்துப் பார்ப்பது. அந்தத் தொலைநோக்கி இருப்பது தமிழ்நாட்டு மலை ஒன்றின் மேல். அதில் நேரம் கேட்டு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு மேல் ஒரு கேள்வி. ரேஷன் கார்டே தேவலை.

4

ஒரு மார்கழி சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சிக்கிருக்கு. செவப்புல அவ்ளோ ப்ரைட்டு, நீலத்துல சுத்தமா இல்ல. முன்னாடியே கேட்டு வெச்ச டைம் பிப்ரவரில குடுத்திருக்காங்க. அது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அதுவாக இருந்தால் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவற்றில் ஒன்று என்றாள். அன்றைக்கு அவள் முகம் இருந்ததே, அதை எழுத எனக்குப் படிப்புப் போதாது. அம்மாவிடம்கூட அப்புறம்தான் சொன்னாள்.

யாரிடமும் சொல்லாதே என்றால் வெளியாரிடம் சொல்லாதே என்றுதானே அர்த்தம்? பழனிசாமி வெளியாளா? பவானிப் பக்கத்துக்காரர், மளிகைக்கடை வைத்திருக்கிறார், எங்கள் பேட்டைத் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். என் வாயைக் கிண்டுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. "ஏனுங்க மேஸ்திரி, புள்ள இன்னும் நட்சத்திரம் எண்ணிட்டுத்தான் இருக்குதா? எண்ணி முடிச்சா சொல்லச் சொல்லுங்க, கல்யாணத்துக்கு மளிகை எடுத்து வெக்கோணும்" என்றார், கடை நிறைய ஆள் இருக்கும்போது. எந்தத் தகப்பன் பொறுப்பான்? சொல்லிவிட்டேன். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிட்டேன்.

அந்த வருஷப் பொங்கல் விழாவில் அவளுக்குப் பாராட்டு என்று சங்கத்தில் முடிவாயிற்று. ஷீல்டு என் செலவு. அவளிடம் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. மேடையில் பெயரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி ஷீல்டைக் கையில் கொடுத்தார்கள். அவள் தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மைக்கைப் பிடித்து, அது குவேசாரா நட்சத்திரமா என்று இன்னும் தெரியாது, பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னாள். சனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார் பழனிசாமி.

விழாவோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. பழனிசாமி தனக்குத் தெரிந்த ஒரு கன்னடப் பத்திரிகைக்காரரிடம் சொல்ல, போட்டோவோடு மூன்று வரி வந்துவிட்டது. பேராசிரியர் பேப்பர் பார்த்துத்தான் பாராட்டு நடந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டார். அவர் நல்ல மனிதர். "அப்பா சந்தோஷத்தில் சொல்லியிருப்பார், விடம்மா" என்றாராம். ஆனால் பெங்களூரிலிருந்து அவருக்கும் அவளுக்கும் போன் வந்தது. எல்லை விளக்கு எரிகிறதா, எண்ணெய் வேண்டுமா என்று அவளைக் கிண்டலாகக் கேட்டார்களாம், கூடப் படித்தவர்கள்.

5

பிப்ரவரியில் மலைக்குப் போனாள். மூன்று ராத்திரி கொடுத்திருந்தார்கள். இரண்டு ராத்திரி மேகம். மூன்றாவதில் மானம் திறந்தது. இதெல்லாம் அவள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னது. மெஸ்ஸில் சாதம் போடுகிற அம்மாள் இவள் தமிழைக் கேட்டுவிட்டு எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டாராம். கொளத்தூர் என்றாளாம். அவள் கொளத்தூரில் சேர்ந்தாற்போல ஒரு வாரம் இருந்தது கிடையாது. அப்படிச் சொன்னாள் என்றதும் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்துவிட்டாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவது அரைப்பு. வாசலில் பையோடு நின்றாள். "அங்கயே நில்லு கண்ணு, உள்ள வராத, தரை ஈரம்" என்று கையைக் காட்டிவிட்டு மிஷினை நிறுத்தினேன்.

"அது நட்சத்திரம்ப்பா," என்றாள். "நம்ம பக்கத்து நட்சத்திரம். சின்னது."

பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே என்று ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. நான் குறுக்கே சாத்தியிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி பாலிஷ் ஆகாம ஓனரையே இதுக்கு இந்தப் பக்கம் நிக்க வெப்பீங்க. என்னோட தரையில மட்டும் ஊரையே செருப்போட நடக்க விட்டுட்டீங்களேப்பா."

சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு, சரிந்திருந்த பலகையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

நான் தப்புச் செய்தேன் என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது தப்பென்றால் ஊரில் ஒரு தகப்பனும் தேறமாட்டான். ஆனால் அன்றைக்கு இரண்டாவது அரைப்பில் ஒரு மூலை பள்ளமாகிவிட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

6

அதற்குப் பிறகு அவள் ஆராய்ச்சியை விடவில்லை. என்னிடம் பேசுவதைத்தான் விட்டாள். பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. ஊட்டா ஆய்த்தா, சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பாள். எல்லாம் கன்னடத்தில். அதிலும் 'நீவு' என்று மரியாதை போட்டு, நான் என் கஸ்டமரிடம் பேசுகிற மாதிரி. பிள்ளைகள் பாஷை மாறிப் போகிறார்கள் என்று இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் ஒரு புலம்பல் உண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவன் இல்லை. இப்போது பாஷை என் வீட்டுக்குள்ளேயே ஒரு பலகை மாதிரி நின்றது.

வேலை எப்படிப் போகிறது பாப்பா என்று கேட்டால் வருகிற பதில் இதுதான்: "ஒண்ணுமில்லப்பா." இது மட்டும் தமிழில்.

சிலர் வந்து என்னிடமே, விளக்கு என்ன ஆச்சு மேஸ்திரி என்று கேட்டார்கள். அது நட்சத்திரம், நட்சத்திரம் கண்டுபிடிப்பது லேசா என்று அவர்கள் வாயை அடைத்தேன். அதுவும் அவள் காதுக்குப் போயிருக்கும்.

இதற்கிடையில் ஊர் கிரானைட்டுக்கு மாறியது, நானும் மாறினேன். முதல் ஆளாக மாறினேன் என்றே சொல்லலாம். கிரானைட் பாலிஷ் ஆகியே வருகிறது. போட்ட அன்றைக்கே முகம் பார்க்கலாம், காத்திருக்க வேண்டியதில்லை, பலகையும் வேண்டியதில்லை. லாபமும் அதிகம். ஆனாலும் பழைய மொசைக் மிஷினை விற்காமல் வைத்திருக்கிறேன். என்னை மேஸ்திரி ஆக்கிய மிஷின் அது.

7

இந்த ஆயுத பூஜைக்கு வருவோம். மைசூர் முழுக்கத் தசராவுக்கு விளக்குப் போட்டிருந்தது. எங்கள் முற்றத்தில் கிரானைட் வெட்டுகிற மிஷின், மட்டப்பலகை, கரணை எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, நடுவில் பழைய மொசைக் மிஷினை நிறுத்தினேன். அதன் பக்கத்தில் ஷீல்டையும் வைத்தேன். அவள் பார்த்தால் எடுத்துப் போட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தேன்.

தேன்மொழி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் ஷீல்டுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். 'அ-ண்-ட-த்-தி-ன்' என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதிருக்கீங்க" என்றாள். தகட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

பிறகு மொசைக் மிஷினுக்குச் சந்தனம் பூசியபடியே, திரும்பிப் பார்க்காமல், தமிழில் சொன்னாள்.

"அப்பா, இன்னொண்ணு சிக்கிருக்கு."

அடுத்து அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதியிருந்தேன். அவளிடம் படித்துக் காட்டினேன். எந்தப் பிலிம், எந்த மூலை, எவ்வளவு வெளிச்சம் என்ற இடம் வந்ததும் அடித்துவிடச் சொன்னாள். அடித்துவிட்டேன். மலர் அச்சாவதற்குள் மலைக்குப் போய் வந்துவிடுவேன், ஒருவேளை முடியாவிட்டால் இன்னும் அரைக்கவில்லை என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். ஆகவே போடுகிறேன்: இன்னும் அரைக்கவில்லை. லாந்தராகவும் இருக்கலாம், பெரிய விளக்காகவும் இருக்கலாம். இதற்கு மேல் கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

பூஜை முடிந்து கற்பூரம் அணைவதற்குள் பழனிசாமி பொரி வாங்கிக்கொள்ள வந்துவிட்டார். வழக்கம்போல வாசலிலேயே ஆரம்பித்தார். "ஏனுங்க மேஸ்திரி, அம்முணி என்ன பண்ணுது? புதுசா ஏதாச்சும் உண்டுங்களா?"

தேன்மொழி பொரியும் கடலையும் பேப்பரில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்தப் பேட்டையில் யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரு வார்த்தைப் பதிலோடு திரும்பியது கிடையாது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

பழனிசாமி கொஞ்ச நேரம் காத்திருந்தார். கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லீங்களா மேஸ்திரி?"

தேன்மொழி அவரிடம் பொட்டலத்தைக் கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, இரண்டு கையாலும் பொரியை அள்ளிப் போட்டாள்.